இணைந்த கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை கணிதமே படிக்கலாமா?

தென்மராட்சியிலிருந்து ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதி இணைந்த கணிதத்தில் ஏ, பௌதிகவியலில் பி, இரசாயனவியலில் சி எடுத்திருக்கிறார். பொறியியலுக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானக் கற்கைநெறிக்குத் தெரிவாகியிருக்கிறார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. தம்பி இந்த வருடம் சாதாரண தரம். அம்மா மூன்றாம் தடவையும் எழுதிப் பார்க்கச் சொல்கிறார். கம்பஸில் பகிடிவதை என்ற பயமும் அவருக்கு உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் மாமா, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஐ.ரி படித்தால் முழுக் கட்டணத்தையும் தான் தருவதாகச் சொல்கிறார். ரியூசன் மாஸ்டரோ, "கணக்குப் படிச்சா ரீச்சர் வேலைதான், அதுக்கும் கச்சேரி வாசலில இருந்து கேக்க வேணும்" என்றிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் மாணவி எழுதியது இது: "எனக்குக் கணக்கு என்றால் உயிர். பாஸ்ற் பேப்பர் செய்யத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. ஆனால் அது சோறு போடுமா? அப்பாவுக்கு நான் என்ன சொல்ல?"

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லோரும் பேசுகிறார்கள்: அம்மா, மாமா, மாஸ்டர். உங்கள் குரல் கடைசி நாலு வரியில்தான் வருகிறது. ஆகவே அந்த நாலு வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்குப் பிடித்தது எந்தக் கணிதம்?

பாஸ்ற் பேப்பர் செய்வது பிடிக்கும் என்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. ஆனால் அதை மட்டும் வைத்துக் கணிதப் பட்டத்துக்குப் போகலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயர்தரத்தில் நீங்கள் செய்தது, பெரும்பாலும் பழகிய வகைக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் இனங்கண்டு, சரியான முறையைப் பிடித்து, நேரத்துக்குள் பிழையில்லாமல் முடிப்பது. அது பெரிய திறமைதான். பல்கலைக்கழகத்தில் கேட்கப்படுவது வேறு. அங்கே விடை பெரும்பாலும் கேள்வியிலேயே தரப்பட்டிருக்கும். அது ஏன் உண்மை என்று ஓட்டையில்லாமல் நிறுவுவதுதான் உங்கள் வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு தொடர்ச்சியான சார்பு ஓரிடத்தில் எதிர்ப் பெறுமானமும் இன்னோரிடத்தில் நேர்ப் பெறுமானமும் எடுத்தால், இடையில் எங்கோ பூச்சியமாக வேண்டும். உயர்தரத்தில் வரைபைக் கீறி, "கோடு அச்சை வெட்டத்தானே வேணும்" என்று தாண்டிப் போயிருப்பீர்கள். முதலாம் வருட விரிவுரையாளர் அங்கேயே நிறுத்திக் கேட்பார்: ஏன் வெட்ட வேணும்? எக்ஸ் வர்க்கம் சய 2 என்ற சார்பை எடுங்கள். 1 இல் அதன் பெறுமானம் எதிர், 2 இல் நேர். ஆனால் உலகத்தில் விகிதமுறு எண்கள், அதாவது இரண்டு முழுவெண்களின் பின்னமாக எழுதக்கூடிய எண்கள், மட்டும்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் அந்தச் சார்பு எங்குமே பூச்சியமாகாது. 2 இன் வர்க்கமூலம் விகிதமுறு எண் இல்லை என்றபடியால் வரைபு அச்சை வெட்ட வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அப்படியென்றால் மெய்யெண்களிடம் இருக்கிற எந்தப் பண்பு அந்த ஓட்டையை அடைக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் பகுப்பாய்வு என்ற பாடம் தொடங்குகிறது. எல்லை, ஒருங்கல், தொடர்ச்சி எல்லாம் எப்சைலன், டெல்ரா என்ற கிரேக்க எழுத்துக்களோடு புதிதாக வரையறுக்கப்படும். அருவ அட்சரகணிதத்தில் எண்களையே காணக் கிடைக்காது.

இந்தப் பந்தியை வாசிக்கும்போது "ஓ, அப்படியா!" என்று உங்களுக்கு ஒரு துடிப்பு வந்திருந்தால், நீங்கள் கணிதத்துக்கு உரிய ஆள். "விளங்குது, ஆனால் இதுக்கு ஏன் இவ்வளவு பாடு" என்று தோன்றினால் அதுவும் குறையில்லை. பிரயோக கணிதமும் புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் உங்களுக்குக் கூடப் பொருந்தும் என்பதுதான் அதன் அர்த்தம். இரண்டு பேருக்கும் அதே கற்கைநெறிக்குள் இடம் இருக்கிறது.

என் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். 2 இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதைப் புத்தகம் பாராமல் நிறுவுங்கள். பிறகு 3 க்கு நிறுவுங்கள். அது முடிந்ததும் அதே நிறுவலை 4 க்குச் செய்துபார்த்து, எந்த வரியில் அது உடைகிறது, ஏன் உடைகிறது என்று எழுதுங்கள். மூன்றாவது வேலைதான் உண்மையான சோதனை. ஒரு நாள் எடுத்தாலும் ஒரு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை. நேரத்தைப் பார்க்காதீர்கள், அந்த வேலையில் இருக்கும்போது உங்கள் மனம் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்த பிள்ளைகள் விஞ்ஞான பீடத்தில் முதல் வருடம் சறுக்குவதற்குக் கணிதத்தை விட ஆங்கிலம்தான் பெரும்பாலும் காரணம். விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். நிறுவல் என்பது வாக்கியங்களால் எழுதப்படுவது. "ஒவ்வொரு", "ஏதாவது ஒரு", "இருந்தால் மட்டுமே" போன்ற சொற்கள் இடம் மாறினால் கணிதமே பிழைத்துவிடும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பீடம் தொடங்க முன் கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு கணிதப் புத்தகத்தை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது, நிறுவலை வரிக்கு வரி கொப்பியில் எழுதிப் பழகுங்கள். இந்தப் பழக்கம் எந்த ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்பையும் விட உங்களுக்கு உதவும்.

மூன்றாம் தடவை

அம்மாவின் ஆசை எனக்கு விளங்குகிறது. கொஞ்சத்தில் தவறியது மனதை அரிக்கும். ஆனால் கணக்குப் பார்ப்போம். உங்களுக்குப் புள்ளி குறைந்தது இரசாயனவியலில். இரண்டு தடவை எழுதியும் அது ஏறாமல் இருந்ததற்கு என்ன காரணம்? நோயோ வீட்டுத் துன்பமோ ஏதாவது தனிக் காரணம் இருந்து, அது இப்போது நீங்கிவிட்டது என்றால் யோசிக்கலாம். இன்னும் ஒரு வருடம் அதே ரியூற்றறி, அதே நோற்ஸ் என்றால் பெறுபேறு பெரிதாக மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. பொறியியல் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதும் கேள்வி. கடிதம் முழுக்கத் தேடினேன். பொறியியலில் எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

காலத்தையும் கூட்டிப் பாருங்கள். அண்மைக் காலத்தில் பரீட்சைத் திகதிகள் எப்படித் தள்ளிப் போயின என்று உங்களுக்கே தெரியும். 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரம் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு எல்லாம் முடிய, மூன்றாம் தடவை என்பது ஒரு வருடத்தோடு நிற்காது.

இதில் ஒரு தவறான எண்ணத்தையும் திருத்தவேண்டும். "இப்போதைக்குப் பதிவு செய்து வைத்துவிட்டு மூன்றாம் தடவையும் எழுதிப் பார்க்கலாம்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதிவு செய்த மாணவரைப் பின்னர் வேறு கற்கைநெறிக்குத் தெரிவு செய்வதில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குக் கடுமையான விதிகள் உண்டு. அவை அனுமதிக் கைநூலில் அச்சிடப்பட்டிருக்கின்றன. பதிவுக்கு முன் அந்தப் பகுதியை அப்பாவோடு இருந்து வாசியுங்கள், சந்தேகம் இருந்தால் ஆணைக்குழுவிடமே கேளுங்கள். அக்கம்பக்கத்தில் யாரோ அப்படிச் செய்தார்கள் என்ற கதையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பகிடிவதை பற்றி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அது வெறும் ஒழுக்கப் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். யாராவது உங்களைத் துன்புறுத்தினால் பொறுத்துப் போகவேண்டியதில்லை. மாணவ ஆலோசகரிடமும் பீடாதிபதியிடமும் பொலிஸிலும் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. திகதி, இடம், செய்தி வந்த தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

"ரீச்சர் வேலைதான்" என்ற பேச்சு

மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் இருந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனம் போட்டிப் பரீட்சை, நேர்முகம் என்று வரும். எப்போது வரும் என்பது அரசின் கையிருப்பைப் பொறுத்தது, உங்கள் திறமையைப் பொறுத்ததில்லை. ஆகவே அதை ஒரே கதவாக வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் அந்த வேலையைத் தாழ்வாகவும் பேச வேண்டாம். தீவகத்திலும் வன்னியிலும் கணித ஆசிரியர் இல்லாத வகுப்பறைகள் இருக்கின்றன. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் உயர்தரத்துக்கே போகமுடியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கணித ஆசிரியர் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கற்பித்தல் உங்களுக்கு உள்ளத்தால் பிடித்திருந்தால், பட்டத்தின் பின் கல்வியியலில் பட்டப்பின் டிப்ளோமாவும் செய்து அந்த வழியில் பெருமையோடு போகலாம்.

மற்றப் பாதி பிழை. கணிதப் பட்டம் எந்த வேலைக்கும் நேராக அழைத்துப் போகாது. மருத்துவம் படித்தவர் மருத்துவர், கணிதம் படித்தவர்? இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லாததைத்தான் ஊர் "வேலை இல்லை" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. நடைமுறையில், கணிதத்தோடு இரண்டாவதாக எதைச் சேர்த்தீர்கள் என்பதுதான் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும். அந்த இரண்டாவதைப் பல்கலைக்கழகம் தானாகக் கையில் தராது. நீங்கள்தான் தேடிச் சேர்க்கவேண்டும். கணிதத்தில் நல்ல மூளை இருந்தும் நாலு வருடம் குறிப்பெழுதிப் பரீட்சை எழுதுவதோடு நின்ற பிள்ளைகள்தான் பிறகு என்னிடம் வந்து கண் கலங்குகிறார்கள்.

புள்ளிவிபரவியலைச் சேர்த்தால்: உங்களைத் தெரிவு செய்த இசட் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது சராசரியை, கழித்து நியம விலகலால் வகுப்பதுதான் அது. 2001 முதல் இந்த நாட்டில் யார் எந்தப் பீடத்துக்குப் போவது என்பதை அந்தச் சிறு கணக்குத்தான் தீர்மானிக்கிறது. இதே சிந்தனை வங்கியில் யாருக்குக் கடன் கொடுப்பது, மருந்து வேலை செய்கிறதா, நெல் விளைச்சல் எவ்வளவு வரும் என்பவற்றுக்கும் தேவை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், மத்திய வங்கி, வணிக வங்கிகள், சந்தை ஆய்வுக் கம்பனிகள் எல்லாம் இந்தத் திறமையைத் தேடுகின்றன. ஆர், பைதன் ஆகிய மென்பொருள் மொழிகளில் உண்மைத் தரவோடு வேலை செய்து பழகியிருக்க வேண்டும்.

கணினி விஞ்ஞானத்தைச் சேர்த்தால்: மாமா காசு கட்டிப் படிப்பிக்க நினைக்கும் தொழிலுக்கே நீங்கள் கட்டணமில்லாமல் போய்ச் சேரலாம். பாடச் சேர்க்கைகளைப் பதிவின்போது கவனமாகத் தெரிவுசெய்யுங்கள். எதை எதோடு எடுக்கலாம் என்பதைச் சீனியர்களின் வாய்ச்சொல்லில் விடாமல் பீடத்தின் கைநூலில் பாருங்கள்.

காப்புறுதிக் கணிப்பு, அதாவது அக்சுவரி தொழில், பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல சம்பளம் உள்ள தொழில்தான். ஆயுள் காப்புறுதிக் கம்பனி ஒவ்வொன்றுக்கும் அக்சுவரி ஒருவர் இருந்தே ஆகவேண்டும். ஆனால் பட்டம் மட்டும் போதாது. பிரித்தானிய அக்சுவரி நிறுவகத்தின் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டவேண்டும். கட்டணம் பவுணில். பல வருடம் எடுக்கும், வேலை கொழும்பில்தான். முதலாம் வருடத்திலேயே அதற்குக் காசு கட்டாமல், நிகழ்தகவுப் பாடத்தில் எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை போன்ற போட்டிப் பரீட்சைகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அவற்றின் நுண்ணறிவுத் தாளில் கணிதம் படித்தவர் திணறுவதில்லை. வயதெல்லை உண்டு, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சிறப்புப் பட்டமா, மூன்று வருடமா

இதைப் பலர் மூன்றாம் வருடத்தில்தான் யோசிக்கிறார்கள். அப்போது காலம் கடந்துவிடும். நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றில் தங்கியிருக்கிறது. விரிவுரையாளராக வரவும் வெளிநாட்டில் உயர்கல்விக்குப் போகவும் பெரும்பாலும் அந்த நாலு வருடமும், முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ வேண்டும். மூன்று வருடப் பட்டத்தோடு பல நாடுகளில் முதுமாணிக்கு நேராக எடுக்கமாட்டார்கள். ஆகவே முதலாம் வருடத்தை "கம்பஸ் பழக்கப்படுற வருடம்" என்று விட்டுவிட வேண்டாம்.

இந்த இடத்தில் மாமாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நாலு வருடப் பட்டம் உள்ள மாணவரைக் கணிதக் கலாநிதிப் பட்டத்துக்கு நேரே சேர்த்து, கற்பித்தல் உதவியாளர் வேலையும் கொடுத்து, கட்டணத்தையும் தாங்களே ஏற்கின்றன. கனடாவில் முதுமாணிக்கும் இப்படியான உதவி பல இடங்களில் கிடைக்கிறது. இத்தாலியின் திரியெஸ்ற் நகரில் பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964 இல் தொடக்கிய கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம், வளர்முக நாட்டு மாணவருக்காக ஓராண்டுக் கணித டிப்ளோமா ஒன்றை முழு உதவியோடு நடத்துகிறது. போட்டி கடுமை. ஆனால் காசில்லாத வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் படிக்கக் கணிதத்தைப் போல வழிவிடும் பாடங்கள் அதிகமில்லை. உங்கள் தென்மராட்சியிலேயே, நாவற்குழியில் 1918 இல் பிறந்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்து, 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். பிறகு மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேராசிரியராக இருந்தார். எல்லோரும் எலியேசர் ஆகமுடியாது. இந்த வழியில் இந்த மண்ணிலிருந்து ஏற்கனவே ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

மாமாவின் காசு

மாமா அன்பால் சொல்கிறார், அதை மதியுங்கள். ஆனால் ஏற்றுக்கொள்வதற்கு முன் மூன்று விடயம் கேளுங்கள். கட்டணம் மட்டுமா, கொழும்பில் தங்கும் செலவும் சாப்பாடும் சேர்த்தா? ரொறன்ரோவில் அவருக்கு வேலை போனால் மூன்றாம் வருடக் கட்டணத்தை யார் கட்டுவது? அந்த நிறுவனத்தின் பட்டத்தை வழங்குவது யார், அது இங்கே அங்கீகரிக்கப்பட்டதா? தனியார் நிறுவனங்களில் தரமானவையும் உண்டு, வெறும் விளம்பரங்களும் உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் உங்களிடம் கற்பித்தல் கட்டணம் வாங்கமாட்டார்கள். வீட்டு வருமானத்தைப் பொறுத்து மஹாபொல அல்லது பர்சரி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். மாமா உதவத்தான் வேண்டும் என்றால் ஒரு நல்ல மடிக்கணினி கேளுங்கள். நாலு வருடமும் பயன்படும், யாருக்கும் கடன்பட்ட மாதிரியும் இருக்காது.

என் கருத்தைக் கேட்டால், பதிவு செய்யுங்கள் என்பேன். நான் சொன்ன மூன்று நிறுவல்களையும் செய்து, மூன்றாவது உங்களுக்கு முழுக்க வெறுத்துப் போனாலும்கூடப் பதிவு செய்யலாம். அப்போது கணிதத்தைத் துணையாக வைத்துப் புள்ளிவிபரவியலையோ கணினியையோ முதன்மையாக எடுங்கள். பதிவுக்கான கடைசித் திகதியைத் தவறவிட்டால் பிறகு யாருடைய சிபாரிசும் எடுபடாது. கடிதம் கையில் கிடைத்தவுடன் திகதியைக் கலண்டரில் எழுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெறுபேற்றுப் பத்திரம் எல்லாவற்றின் பிரதிகளையும் எடுத்து வையுங்கள்.

அப்பாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "கணக்கு என்றால் உயிர்" என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அது அவருக்கு ஏற்கனவே தெரியும். அவருக்குத் தம்பியின் செலவும் உங்கள் எதிர்காலமும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன் நிற்கின்றன. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: முதல் இரண்டு வருடம் எந்தப் பாடங்கள், சிறப்புப் பட்டத்துக்கு என்ன பெறுபேறு தேவை, இரண்டாவதாகச் சேர்க்கப் போகும் திறமை எது, மாதச் செலவு எவ்வளவு, முதலாம் வருட முடிவில் பெறுபேறு சரிவராவிட்டால் என்ன செய்வீர்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அப்பா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.